பாலத்து ஏற்றம்

நவம்பர் 4, திங்கள்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மூன்று நாள் ஆகிறது. இன்றைக்கு மிளகாய் வத்தல் கொட்டகைக்கு வேலைக்குப் போனேன். காம்பு கிள்ளுகிற வேலைதான். வத்தல் தொட்ட கை கண்ணில் பட்டால் எரியும். அதனால் கொட்டகையில் அழ முடியாது. அது ஒருவிதத்தில் நல்லதாக இருக்கிறது.

வரும் வழியில் இந்த நோட்டை வாங்கினேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். கடிதம்கூட எழுதியதில்லை. என் வீட்டுக்காரர் தினமும் சாப்பிட உட்கார்ந்ததும், "இன்னைக்கு என்னளா நடந்துச்சு?" என்று கேட்பார். கொட்டகையில் யாரோடு யார் சண்டை, எந்த வீட்டில் மாடு ஈன்றது, எல்லாம் சொல்லுவேன். பாதி கேட்பார், பாதி கேட்க மாட்டார். இப்போது சொல்ல ஆளில்லாமல் அன்றன்றைக்கு நடந்தது தொண்டையிலேயே நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் உப்பு விற்றவர். எக்ஸ்எல் வண்டியில் பின்னால் இரண்டு சாக்கு கல்லுப்பு, மேலே அளக்கிற மரப்படி. பத்தொன்பது வருஷம் தெருத்தெருவாகப் போனார். அக்டோபர் பதினேழு, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்றேகால் மணிக்கு ரயில்வே பாலத்தின் மேல் ஒரு மில் வேன் மோதிவிட்டது.

இன்றைக்கு நடந்தது: வேலை. ரேஷனில் பருப்பு வரவில்லை. அரிசியை இரண்டு பேருக்கு அளந்து போட்டுவிட்டேன்.

நவம்பர் 6, புதன்

மழை. கொட்டகை இல்லை. யாரோடும் பேசவில்லை.

நவம்பர் 11, திங்கள்

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் அனுப்பினார்கள், போனேன். ஏட்டையா என் வீட்டுக்காரருடைய சாமான்களைக் கொடுத்தார். வண்டியை இப்போது தர முடியாதாம். மரப்படி, தார்ப்பாய், ஒரு ஜோடி செருப்பு, சாக்கு இரண்டு. சாக்கு காலி. காலிச் சாக்கைப் பார்த்ததும் எனக்கு மேலே ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

செருப்பில் ஒரு கீறல் இல்லை. நீல வார். மழையில் கழுவி எடுத்த மாதிரி இருந்தது. ஆளுக்கு அவ்வளவு அடி, செருப்புக்கு ஒன்றுமில்லை. வாசலுக்கு உள்ளே, அவர் கழற்றிப் போடுகிற இடத்தில் வைத்தேன். பிறகு கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

விபத்து நடந்த அன்றைக்கும் ஸ்டேஷனில் இதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். ஏட்டையா என்னவோ கேட்டார். நான் என்னவோ சொன்னேன். அவர் எழுதினார்.

நவம்பர் 20, புதன்

வேலை விட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் ஓர் ஆள் நின்றான். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். உள்ளேயும் வராமல் போகவும் செய்யாமல் நின்றான்.

"யாரு?"

"யக்கா, நான் ஜெயக்கொடி. அந்த வேன் டிரைவரு."

நான் கோபப்படுவேன் என்றுதான் எனக்கே தோன்றியது. கோபம் வரவில்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அண்ணாச்சி வேகமா வந்து சட்டுன்னு வலது பக்கம் வெட்டிட்டாருக்கா. லேசாத் தூத்தல் வேற. பிரேக்கு பிடிச்சேன், நிக்கல. நான் வேணும்னு செய்யலக்கா."

"அவுக அப்பிடித்தான் போவாக" என்றேன்.

அதைக் கேட்டதும் அவன் தோள் கொஞ்சம் இறங்கியது. அழுதான். செம்பில் தண்ணீர் கொடுத்தேன். பழத்தை வைத்துவிட்டுப் போனான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

போலீஸ்காரர் ஒருவர் வந்து ஒரு காகிதம் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். எழுத்துக் கூட்டிப் படிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

புகார்தாரர் உலகம்மாள். அது நான். எதிரி அய்யாத்துரை. அது அவர்.

அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து தானே விபத்தை ஏற்படுத்தினார் என்றும், எதிரி இறந்துவிட்டபடியால் வழக்கு முடிக்கப்படுகிறது என்றும் இருந்தது.

எதிரி என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்துவிட்டேன். இருபத்திமூன்று வருஷம் அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஸ்டேஷனில்தான் முதல்முதலாகச் சொன்னேன்.

டிசம்பர் 4, புதன்

ஏட்டையாவைப் போய்ப் பார்த்தேன்.

"எதிரின்னு எங்க வீட்டுக்காரர் பேரப் போட்டிருக்கீகளே ஏட்டையா."

"நீ கொடுத்த புகார்தானம்மா. நீ சொன்னதத்தான எழுதுனேன்."

"அதிவேகம்னு இருக்கு."

"எல்லா விபத்துலயும் அந்த வரி உண்டு. சைக்கிள்காரன் விழுந்தாலும் அதிவேகம், அஜாக்கிரதைதான். செத்தவுக பேருல போட்டா யாருக்கு என்ன சேதம்? இருக்கவன் பேருல போட்டா நீயும்ல கோர்ட்டுக்கு அலையணும். போய் வேலையப் பாருத்தா."

வந்துவிட்டேன். ஏட்டையா சொன்னதில் பொய் இல்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

ஆவுடை வந்தாள். இவருடைய தங்கை. பக்கத்து ஊர்தான். வந்ததிலிருந்து அடுப்பங்கரையில் கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"தாரணி பள்ளிக்கூடம் போக மாட்டேங்கா மதினி."

"ஏன்?"

"எவளோ ஒருத்தி, 'மாமனத் தின்னவ'ன்னு சொல்லிட்டாளாம். ரெண்டு வாரமா சுவரப் பாத்துப் படுத்துக் கிடக்கா. மொட்டுப் போல பிள்ள."

விபத்து நடந்த அன்றைக்குச் சாயங்காலம் ஆவுடை மகள் தாரணிக்குச் சடங்கு. தாய்மாமன் சீர் கொண்டுவந்தால்தான் பிள்ளையை மணையில் உட்கார்த்துவார்கள். தாய்மாமன் இவர் ஒருவர்தான். எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் செய்தி போயிற்று. பிள்ளையைப் பட்டுப் பாவாடையோடு அப்படியே உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம்.

"எங்க அண்ணன் எம் பிள்ள சடங்குக்குத்தான் பறந்து வந்து போய்ச் சேந்துட்டான்" என்றாள் ஆவுடை. "நான் ஒரு நாள் தள்ளி வச்சிருக்கலாம்."

நான் ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கரைத்துக்கொண்டே இருந்தேன்.

டிசம்பர் 19, வியாழன்

வியாழக்கிழமைகளில் அவர் உப்பளத்துக்குப் போய்ச் சரக்கு ஏற்றி வருவார். இன்றைக்கும் மூன்று மணிக்குக் காது தெருவைப் பார்த்தே இருந்தது. அந்த வண்டிச் சத்தம் தெரு முனையில் கேட்டால் வீடு வந்து சேர ஆறு நிமிஷம் ஆகும்.

ஜனவரி 8, புதன்

போன் வந்தது. இன்ஜினியரிங் காலேஜில் படிக்கிற பெண்ணாம். பெயர் பிரிசில்லா. விபத்துப் பற்றி நாலு கேள்வி கேட்க வேண்டுமாம். "எல்லாம் முடிஞ்சு போச்சு தாயி" என்றேன். "எங்களுக்கு முடியலம்மா" என்றாள். சனிக்கிழமை வரச் சொன்னேன். யாரோ வருகிறார்கள் என்பதே ஒரு மாதிரியாக இருந்தது. வீடு கூட்டினேன்.

ஜனவரி 11, சனி

பிரிசில்லா ஸ்கூட்டரில் வந்தாள். ஒல்லிப் பெண். தோளில் பெரிய பை. காப்பி கொடுத்தேன், சீனி போதாது என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

"மூணு வருஷத்து விபத்து ரிப்போர்ட்டு, ஆயிரத்து நூறு சொச்சம், போலீசுல அனுமதி வாங்கி எடுத்திருக்கோம்மா. ஒவ்வொண்ணையும் நாங்க ஆறு பேரு படிச்சு, எந்த டிரைவரு பொறுப்புன்னு தனியா குறிக்கோம். அப்புறம் போலீசு முடிவோட ஒத்துப் பாப்போம்."

"ஒத்துப் பாத்து?"

"செத்தவங்க மேலயே பழி போகுதான்னு தெரிஞ்சுக்கத்தான்."

ஒரு படத்தை எடுத்துக் காட்டினாள். போலீஸ் வரைந்தது. இரண்டு கோடு பாலம். ஒரு பெட்டி வேன். சின்னப் பெட்டி ஒன்று, அதுதான் அவர் வண்டி.

"பாருங்க, ரெண்டும் ஒரே பக்கமாத்தான் ஏத்தத்துல போயிருக்கு. வேன் பின்னால. உங்க வீட்டுக்காரர் வண்டி இடது ஓரத்துல கிடக்கு. அடி வண்டியோட பின்பக்கம். இதை மட்டும் பாத்தா வேன் மேலதான் குறிக்கணும்."

"குறிச்சிர வேண்டியதுதான?"

அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"ஒரு வரி இடிக்குதும்மா. வேன் டிரைவரு சொன்னத நாங்க அப்படியே எடுத்துக்க மாட்டோம். தன்னைக் காப்பாத்திக்கத்தான் சொல்லுவாரு. ஆனா செத்தவரோட சொந்த மனுஷங்களே அவருக்கு எதிரா சொன்னா, அதை உண்மைன்னு எடுத்துக்கணும்னு எங்களுக்கு விதி இருக்கு. பொய் சொல்ல அவங்களுக்குக் காரணமில்லைல்ல. 'என் கணவர் எப்போதும் வேகமாகத்தான் ஓட்டுவார், சொன்னால் கேட்க மாட்டார், அன்றும் அவசரமாகத்தான் வந்தார்.' இது நீங்க சொன்னதாம்மா? இல்ல, அவங்களா எழுதினதா?"

டம்ளரை எடுத்துக் கழுவப் போனேன்.

அவள் விடவில்லை, ஆனால் அதட்டவும் இல்லை. இருக்கிற காகிதம் எல்லாம் படிக்கிறேன், ஏதாவது தப்பாக இருந்தால் சொல்லுங்கள் என்று வரிசையாகப் படித்தாள். அன்றைக்குப் பெய்த பெருமழை நின்ற பிறகு அஞ்சரை மணிக்குப் போலீஸ் அந்த இடத்தைப் பார்த்து எழுதிய பட்டியல்.

"எக்ஸ்எல் வண்டி ஒன்று, பின்பக்கம் சேதமடைந்த நிலையில். பிளாஸ்டிக் தார்ப்பாய் ஒன்று. மரப்படி ஒன்று. ஈரமான காலிச் சாக்கு இரண்டு. நீல வார் ரப்பர் செருப்பு ஒரு ஜோடி, வண்டியின் முன்கொக்கியில் மாட்டிய நிலையில்."

"அதத் திருப்பிப் படி."

"எதம்மா?"

"செருப்பு."

மறுபடி படித்தாள். மாட்டிய நிலையில்.

"ஏம்மா, என்ன?"

"ஒண்ணுமில்ல" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அவள் நம்பரை இந்த நோட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன். அவள் போனதும் கட்டிலுக்கு அடியிலிருந்து செருப்பை எடுத்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

இதையெல்லாம் எழுதாமல் விட்டிருந்தேன். இன்றைக்கு எழுதுகிறேன்.

ஏட்டையா தானாக எழுதவில்லை. நான்தான் சொன்னேன். "எப்படிம்மா ஓட்டுவாரு?" என்று கேட்டார். தினம் வாசலில் நின்று அவரிடம் சொல்வதை அப்படியே சொன்னேன். "வேகமாத்தான் போவாக, சொன்னா கேக்க மாட்டாக." வண்டி கிளம்பும்போது வீட்டுக்கு வீடு பெண்கள் சொல்லுகிறதுதான். அவர் பின்னால் நான் உட்கார்ந்து போன நாளெல்லாம் சைக்கிளில் போகிற பிள்ளைகள் எங்களைத் தாண்டிப் போவார்கள். அப்போதும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போங்க" என்பேன். எனக்கு எல்லாமே வேகம்.

ஆனால் அது மட்டும் இல்லை. அவசரமாக வந்தார் என்றும் சொன்னேன். ஏன் என்றால் அவசரப்படுத்தியது நான்.

அன்றைக்குக் காலையில் சண்டை. "இன்னைக்குச் சரக்கு ஏத்த வேண்டாம். சும்மா உப்பளத்துல சொல்லிட்டு, மூணு மணிக்கு முன்னால வந்துருங்க. தாய்மாமன் பிந்தி வந்தா உங்க தங்கச்சி ஊர்ல தல நிமிர முடியாது. ஒரு நாளாவது எம் பேச்சக் கேளுங்க" என்று கத்தினேன். அவர் பதில் சொல்லாமல் வண்டியை உதைத்துக் கிளம்பிப் போனார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

காலிச் சாக்கைக் கண்டதும் நான் நினைத்தது இதுதான். என் பேச்சைக் கேட்டு, உப்பு ஏற்றாமல், வெறும் வண்டியில் பறந்து வந்திருக்கிறார். ஆவுடை சடங்கு வைத்ததால் போனார் என்று அழுகிறாள். தாரணி சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். இரண்டு பேரிடமும் நான் சொல்லவில்லை. எதிரி என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தபோது, அங்கே இருக்க வேண்டியது யார் பெயர் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது செருப்பு.

சரக்கோடு பாலத்து ஏற்றம் வந்தால் அந்தக் கிழட்டு வண்டி இழுக்காது. அவர் இறங்கிவிடுவார். உப்பளத்துச் சகதி மிதித்த செருப்பு ஏற்றத்தில் வழுக்கும், அதனால் கழற்றி முன்கொக்கியில் மாட்டிவிட்டு, எஞ்சினை உறுமவிட்டு, வெறுங்காலோடு தள்ளிக்கொண்டே நடப்பார். பாலம் இறங்கின பிறகுதான் மாட்டிக்கொள்வார். வெடித்த குதிகாலில் உப்புப் பட்டு எரியும். வியாழக்கிழமை தோறும் நான்தான் திட்டிக்கொண்டே மெழுகு காய்ச்சித் தடவுவேன். இது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஆனால் வெறும் வண்டியை எதற்குத் தள்ள வேண்டும்?

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வீட்டில் பானை வைக்கவில்லை. முதல் வருஷம் வைக்கக் கூடாது. தெரு முழுக்கக் குலவைச் சத்தம். கதவைச் சாத்திவிட்டுப் பாலத்துக்கு நடந்து போனேன். அந்த நாளுக்குப் பிறகு அந்தப் பக்கம் நான் போனதில்லை.

எந்த இடம் என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் தெரிந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாலத்து ஓரம் முழுக்க முழங்கால் அளவுக்குப் புல் வளர்ந்திருந்தது. ஒரே ஓர் இடத்தில், ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு, ஒரு புல் இல்லை. கருகின வேர் மட்டும். மழை நின்று காய்ந்த மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது.

குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

இரண்டு சாக்கும் நிறைய இருந்திருக்கிறது. வாய்க்கட்டு அவிழ்ந்து கொட்டி, போலீஸ் வருவதற்குள் மழையில் கரைந்து ஓடிவிட்டது. மிச்சம் காலிச் சாக்கு.

நான் கத்தினதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வழக்கம் போல உப்பளத்துக்குப் போய், வழக்கம் போல வரிசையில் நின்று ஏற்றி, வழக்கம் போலச் செருப்பைக் கழற்றி மாட்டிவிட்டு நடந்திருக்கிறார். தங்கை மகள் சடங்கு, பொண்டாட்டி சண்டை, ஒன்றும் அவரை அவசரப்படுத்தவில்லை. இருபத்திமூன்று வருஷத்தில் ஒரு நாள் கேட்டிருக்கிறார் என்று மூன்று மாசமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் கேட்கவில்லை.

பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து அழுதேன். வத்தல் படாத கை. நன்றாகத் துடைத்துத் துடைத்து அழ முடிந்தது.

அங்கிருந்து ஆவுடை வீட்டுக்குப் பஸ் ஏறினேன். பொங்கல் அன்றைக்கு நான் வாசலில் நிற்பதைப் பார்த்துப் பயந்துவிட்டாள். தாரணியைக் கூப்பிடச் சொன்னேன். பிள்ளை மெலிந்து கிடந்தாள். முந்தானையில் முடிந்துகொண்டு போன மண்ணைக் காட்டி எல்லாம் சொன்னேன். நான் போட்ட சண்டையையும் சொன்னேன்.

"உங்க மாமா உனக்காகவும் பறந்து வரல, எனக்காகவும் பறந்து வரல. நடந்து வந்தாக. அவுக வந்திருந்தாலும் உன் சடங்குக்கு எப்படியும் ஒரு மணி நேரம் பிந்தித்தான் வந்திருப்பாக."

தாரணி அந்த மண்ணை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "எங் காது குத்துக்கும் பிந்தித்தான வந்தாகளாம்" என்றாள்.

ஆவுடை சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஜனவரி 17, வெள்ளி

பிரிசில்லாவுக்குப் போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"செருப்பு வரிய நாங்க ஆறு பேரும் படிச்சோம்மா" என்றாள். "ஒருத்தருக்கும் ஒண்ணும் தோணல."

"உனக்கு எப்படித் தோணும்?"

"வண்டியத் தள்ளிட்டு நடந்தாருன்னா, எங்க முறையில அவரு டிரைவரே இல்லம்மா. நடந்து போனவரு. டிரைவருங்க பட்டியல்லருந்தே எடுத்து, நடந்து போனவங்க பட்டியல்ல சேக்கணும். ஆனா ஒண்ணு, நாங்க மாத்துறதால போலீசுல எதுவும் மாறாது. அதை நீங்கதான் போய்ச் சொல்லணும். திரும்ப விசாரிக்கச் சொல்லி மனுக் கொடுக்கலாம்."

"விசாரிச்சா அந்த வேன்காரப் பையன் என்ன ஆவான்?"

"அவர் மேல கேஸ் வரலாம்மா."

ஜெயக்கொடி அழுதது ஞாபகம் வந்தது. அவன் பொய் சொல்லிவிட்டு அழுதிருக்கிறான். அவுக அப்பிடித்தான் போவாக என்று அந்தப் பொய்யை நான்தான் அவனுக்கு எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்குத் தண்ணீர் கொடுத்ததற்கு எனக்கு வருத்தம் இல்லை. சொன்ன வார்த்தைக்குத்தான் வருத்தம்.

ஜனவரி 20, திங்கள்

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். செருப்பை ஒரு பையில் எடுத்துக்கொண்டேன்.

"என்னத்தா மறுபடியும்?"

"நான் அன்னைக்குச் சொன்னது தப்பு ஏட்டையா. மாத்திச் சொல்லணும்."

"அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணா? யாரு சொல்லிக் கொடுத்தா?"

"உங்க பட்டியல்தான் சொல்லிக் கொடுத்துச்சு" என்று செருப்பை மேசையில் வைத்தேன். எங்கே மாட்டியிருந்தது, ஏன் மாட்டியிருந்தது, பாலத்தில் புல் கருகிக் கிடக்கிற இடம், எல்லாம் சொன்னேன். ஏட்டையா செருப்பைத் தொடவில்லை. அந்தப் பட்டியலைத் தேடி எடுத்துத் தன் கையெழுத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு வெள்ளைக் காகிதத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தார். "சரி, சொல்லு. எழுதுதேன்."

"வேண்டாம். நானே எழுதித் தாரேன்."

"எழுதத் தெரியுமா உனக்கு?"

"ரெண்டு மாசத்துக்கு மேல எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அதே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். ஏட்டையாவுக்குக் கோபமோ என்னவோ, ஆனால் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. முழுவதும் இங்கே எழுத முடியாது. ஆரம்பம் இதுதான்:

"ஐயா, நான் அய்யாத்துரை மனைவி உலகம்மாள். என் வீட்டுக்காரர் வேகமாக ஓட்டி வந்தார் என்று நான் முன்பு சொன்னது பார்த்துச் சொன்னது இல்லை. வீட்டில் திட்டுகிற பழக்கத்தில் சொன்னது. அன்றைக்கு அவர் வண்டி ஓட்டவில்லை. இரண்டு சாக்கு உப்போடு வண்டியைத் தள்ளிக்கொண்டு, செருப்பு இல்லாமல், இடது ஓரமாக நடந்து போனார்."

ஏட்டையா வாய்விட்டுப் படித்துக் காட்டினார். நான் எழுதினது இன்னொருத்தர் வாயில் வந்தபோது அது உண்மைதான் என்று எனக்கே மறுபடி தெரிந்தது. ரசீது கொடுத்தார். இன்ஸ்பெக்டர் பார்த்துத்தான் முடிவு சொல்வாராம், நாளாகுமாம். செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்கும் ஒரு ரசீது கொடுத்தார்.

பஸ்ஸில் வராமல் பாலத்து வழியாக நடந்தே வீட்டுக்கு வந்தேன். தாரணி இன்றைக்குப் பள்ளிக்கூடம் போனாளாம், ஆவுடை போனில் சொன்னாள்.

அரிசி ஒரு ஆளுக்கு அளந்து போட்டேன். ரசம் வைத்தேன். ரசத்துக்கு உப்புப் போடவில்லை என்பது சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போதுதான் ஞாபகம் வந்தது.